நூலும் நீரும் – 14: கிடை போட வந்த வாத்துகள்

சென்ற வாரம் ஒரத்துப்பாளையம் அணையில் நின்றோம். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்து, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப் போன அணை அது. அதைப் படித்துவிட்டு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் வாசகர் ஒருவர் கூப்பிட்டார். "ஏனுங்க, கறுப்புத் தண்ணியவே எழுதிட்டு இருக்கறீங்களே, நம்மூர்ல நல்லதா ஒரு தண்ணிக்கரையே இல்லீங்களா? பையன் டிவியில பாத்துட்டு, ஏரிக்கரையில கூடாரம் அடிச்சு ஒரு ராத்திரி தங்கோணும், காலையில நடக்கோணும்னு ஒரே அடம்" என்றார்.

இருக்கிறது. நடக்கலாம். ஆனால் தங்க முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி போகும் சாலையில் கூலிபாளையம் தாண்டுவதற்குள் ஒரு குளம் வரும். சர்க்கார் பெரியபாளையத்துக்காரர்களுக்கு அது ஊர்க்குளம். மற்றவர்களுக்கு நஞ்சராயன் குளம். நல்லாற்றின் வழியில் கிடக்கும் இந்த ஏரியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் என்ற அரசன் சீர்செய்தான் என்பது பெயருக்குச் சொல்லப்படும் காரணம். பரப்பு 125.865 ஹெக்டேர். நம் கணக்கில் சுமார் 311 ஏக்கர். 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு முதல் நாள், விழுப்புரம் மாவட்டத்தின் கழுவெளியோடும் மத்தியப் பிரதேசத்தின் தவா நீர்த்தேக்கத்தோடும் சேர்த்து இதையும் ராம்சர் தலமாக அறிவித்தார்கள். அன்றைக்கு இந்தியாவின் ராம்சர் தலங்கள் 85 ஆயின.

ராம்சர் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரம் இருக்கும் ஓர் ஊர். ஈரநிலங்களைக் காப்பது பற்றி 1971 பிப்ரவரி 2 அன்று அங்கேதான் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. உலகத்துக்கே பனியன் போட்டுவிடும் ஊர் என்று நம்மைப் பற்றி நாம் பெருமை பேசுவோம். அதே உலகம் நம் ஊர்க்குளம் ஒன்றையும் தன் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறது என்பது காதர்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த அறிவிப்போடு வந்த கணக்கில் ஏரியிலும் சுற்றுப்புறத்திலும் 191 வகைப் பறவைகள், 87 வகைப் பட்டாம்பூச்சிகள், 21 வகை ஊர்வன, 7 வகை நீர்நிலவாழ்வன, 11 வகைச் சிறு பாலூட்டிகள், 77 வகைத் தாவரங்கள் என்று இருந்தது. சாயமும் சலவையும் நடக்கும் நகரத்துக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு உள்ளேயே இத்தனையும் எப்படி? காரணங்களில் முக்கியமானது ஆழமின்மை. இது அணை மாதிரி ஆழமாகத் தேங்கும் நீரில்லை. தட்டில் ஊற்றிய ரசம்போலப் பரந்து கிடப்பது. நாரையும் உள்ளானும் காலூன்றி நிற்க முடியும். புள்ளிமூக்கு வாத்தும் ஊசிவால் வாத்தும் தலையை உள்ளே விட்டு வாலை மேலே தூக்கினால் அலகு சேற்றைத் தொட்டுவிடும். நாமக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் செடிமறைவில் கூடு கட்டும். ஆழமான அணையில் நீர்க்காகத்துக்கு வேலை உண்டு, மற்றவற்றுக்குப் பட்டினிதான்.

குளிர்காலத்தில் இங்கு வரும் பெரிய விருந்தாளி வரித்தலை வாத்து. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புப் பட்டை. திபெத், மங்கோலியா பக்கத்து உயர்ந்த ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைக் கடந்து தெற்கே வரும். கருவி கட்டி விட்டுப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்தது தெரியவந்தது. காற்று மெலிந்த அந்த உயரத்தில் மனிதனுக்கு நடக்கவே மூச்சு வாங்கும். இந்த வாத்தின் இரத்தம் ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் தன்மை கொண்டது. பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் மலையேறும். அப்போது காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், சிறகடிக்கப் பிடி கிடைக்கும். மலையேறுபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது: நேரம் பார்த்துக் கிளம்பு.

வந்த இடத்தில் அதன் அன்றாடம் எப்படி? பகலில் நீரில் ஓய்வு. இருட்டியதும் சுற்றியுள்ள வயல்களுக்கும் புல்தரைக்கும் மேயப் போகும். விடிவதற்குள் திரும்பிவிடும். இதைக் கவனித்தபோதுதான் எனக்கு நம்மூர் ஆட்டுக்கிடை நினைவு வந்தது.

கூடாரம், முகாம் என்ற சொற்கள் இல்லாத காலத்திலும் இந்த மண்ணில் வெட்டவெளியில் இரவு தங்கியவர்கள் உண்டு. அறுப்பு முடிந்த காட்டில் ஆட்டுக்காரர் பட்டி வளைத்துக் கிடை போடுவார். அவருக்குக் கூரை வானம், போர்வை ஒரு கம்பளி. ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். காட்டுக்காரர் அதற்குத் தவசமோ பணமோ கொடுப்பார். மறுநாள் பட்டி அடுத்த துண்டுக்கு நகரும். தங்கிய இடத்துக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போவது கிடையின் கணக்கு. நடையும் நமக்குப் புதிதில்லை. தைப்பூசத்துக்கு இங்கிருந்து தாராபுரம் வழியாகப் பழனிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நடக்கிற ஊர் இது. வேட்டியை மடித்துக் கட்டி, பாட்டுக்கு அடியெடுத்து வைத்துப் போகிறவரிடம் நடைபயணத்தைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

வழியில் பொருளைப் பறிகொடுத்த கதையும் நம்மிடம் உண்டு. இதே நல்லாற்றங்கரையில் இருக்கிறது திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளுமாகச் சுந்தரர் வந்தபோது, சிவனுடைய பூதகணங்களே வேடர்களாக வந்து மொத்தத்தையும் பறித்துக்கொண்டதாகத் தலபுராணம். இன்றைக்கு நல்லாற்றங்கரையில் பறிகொடுத்து நிற்பது ஆறுதான். மழைநீரை மட்டும் கொண்டுவர வேண்டிய ஓடை, ஊரைத் தொட்டு வருகையில் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. சாக்கடையில் இருக்கும் சத்து நீர்ச்செடியையும் பாசியையும் கொழுக்க வைக்கும். அவை அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். பிறகு மீன் மிதக்கும். ஆழமில்லாத ஏரியில் இது இன்னும் வேகமாக நடக்கும். பறவைக்கு வசதி செய்த அதே ஆழமின்மை, கழிவு வந்தால் எதிரியாகிவிடுகிறது.

முதல் தடவை போனபோது நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி மாதம், ஞாயிறு காலை. சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கிய ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. வாத்துகள் கரைக்கு அருகே நின்றன. கேமராவோடு கரையை விட்டு இறங்கிப் பத்தடி, இருபதடி என்று நெருங்கினேன். ஒரு வாத்து கழுத்தை நிமிர்த்தியது. பிறகு எல்லாமே நிமிர்த்தின. அடுத்த நொடி கூட்டம் மொத்தமும் எழுந்து ஏரியின் மறுகோடிக்குப் போய்விட்டது. எனக்குப் படம் ஒன்றும் தேறவில்லை. கரையில் மாடு ஓட்டிவந்த அம்மா ஒருவர் சிரித்தார். "ஏங்கண்ணு, உண்டுட்டுப் படுத்திருக்கறவங்களப் போயி எழுப்பலாமா?" என்றார்.

அவர் சொன்னதுதான் பறவையியலும். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் வாத்து கொழுப்பைச் செலவழிக்கிறது. அந்தக் கொழுப்புதான் திரும்பும் பயணத்துக்கான அதன் கட்டுச்சோறு. கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் மிக அருகே வந்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நிற்க வேண்டும், அல்லது இரண்டடி பின்னால் போக வேண்டும்.

இப்போது கட்டிங் மாஸ்டரின் கேள்விக்கு வருகிறேன். சரணாலயத்துக்குள் நுழைவதே 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28-ஆம் பிரிவுகளின்படி அனுமதிக்கு உட்பட்டது. 30-ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவதையும் எரியும் தீயை விட்டுச்செல்வதையும் தடுக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து அல்ல, வாத்தின் கடிகாரத்தைப் பார்த்து நாம் விலக வேண்டும். கூடாரம் அடிப்பவருக்கு இரவு என்பது விளக்கு, பாட்டு, அடுப்பு. வாத்துக்கு இரவு சாப்பாட்டு நேரம். ஒரே கரையில் இரண்டு கிடை போட முடியாது.

காட்டில் நடை வேண்டுமென்பவருக்கு நம் மாவட்டத்தின் தெற்குக் கோடி இருக்கிறது. உடுமலைக்கு அப்பால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் தொடங்கிய 40 மலையேற்றப் பாதைகளில், சின்னார் சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு போகும் பாதை நம் மாவட்டத்துக்கு உரியது. இணையத்தில் பதிந்து, வனத்துறையின் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். அமராவதி அணைக்கரையில் நாமாகக் கூடாரம் அடித்தால் என்ன என்று கேட்பவருக்கு ஒரு தகவல்: அந்த நீர்த்தேக்கத்தில் முதலைகள் இயல்பாகப் பெருகி வாழ்கின்றன. முதலை வேட்டையாடுவது நீரின் விளிம்பில்தான்.

விதியெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொள்ள இந்த ஊருக்கு உரிமை இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கிய இரண்டு குழுக்களில் ஒன்று சென்னையிலிருந்து போனது. மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போனது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் மூடிய சரிவில் தீ, மேல்நோக்கி மனிதன் ஓடுவதை விட வேகமாக ஏறும். தனக்கு மேலே இருக்கும் புல்லை அது முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டே போவதால் அப்படி. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அதே ஆண்டில் கொண்டுவந்தது. அந்த விதிகளுக்குப் பின்னால் நம்மூர் வீடுகளின் அழுகை இருக்கிறது.

சரி, குளத்துக்கு என்ன உடுத்திப் போவது? பனியன் ஊரில் இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. குளிர்மலைக்குப் போகிறவர்கள் பருத்தியைத் தவிர்ப்பார்கள். பருத்தி தன் எடையில் எட்டரை சதவீதம் வரை காற்றிலிருந்தே ஈரம் வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. நனைந்த பருத்தி பனியில் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். நம் குளக்கரையில் பத்து மணி வெயிலுக்கு அதே ஈரம்தான் குளுமை. ஆகவே 160 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி போதும். நிறத்தில் மட்டும் கவனம். வாத்துக்கு நம்மை விடத் துல்லியமாக நிறம் தெரியும். எக்ஸ்போர்ட் மிச்சத்தில் கிடைத்த பளீர் மஞ்சளை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஆலிவ் பச்சையோ மண் நிறமோ எடுங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, இரண்டு பேருக்கு ஒரு பைனாகுலர். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். காலை ஆறு மணிக்கு வந்து, கரையில் மெல்ல நடந்து, பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் விவசாயிகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, தங்கள் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதாகக் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த நீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் அதற்கு அறிவியல் பெயர் வைக்கவில்லை. கிடைக் கணக்காகவே பார்த்தார்கள்: தங்கவிட்டோம், உரம் கிடைத்தது.

அதனால் மாஸ்டர், கூடாரத்தை வீட்டு மொட்டை மாடியிலேயே அடியுங்கள், பையனுக்கு நட்சத்திரம் காட்டுங்கள். விடியலில் குளத்துக்குக் கூட்டிப் போங்கள். நம்மால் அந்தக் கரைக்குக் கொடுக்க முடிந்தது ஒன்றுதான்: நல்லாற்றில் கழிவை விடாமல் இருப்பது. அதைக் கம்பெனியிலும் சொல்லுங்கள், மாநகராட்சியிலும் கேளுங்கள். மார்ச் பிறந்தால் வாத்துகள் கிளம்பிவிடும். போகிற வழியில் அவற்றுக்கு இமயமலை இருக்கிறது.

(தொடரும்)