குறட்டைக்கு மெஷினா? முதலில் மாஸ்க்கைப் போட்டுப் பாருங்கள்!

"வைத்தியரய்யா... போன தடவை நீங்க குடுத்த சூரணம் இவருக்குக் கேக்கவே இல்ல. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே கண்ணசந்துடறாரு. வேற ஏதாவது மருந்து குடுங்க!"

நெல்லியாளத்தில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு வந்த அந்த அம்மாவின் முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. கணவர் ஜீப் டிரைவர். வயது 48. பருத்த கழுத்து, கொஞ்சம் தொந்தி, முறுக்கு மீசை. பந்தலூர், தேவாலா, கூடலூர் என்று வளைந்து நெளிகிற ரோட்டில் தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர். முந்தின வாரம் ஒரு வளைவில் கண் அசந்து, ஜீப் மண்மேட்டில் உரசி நின்றிருக்கிறது. அன்றைக்கு மேட்டுப் பக்கம் போகாமல் பள்ளத்துப் பக்கம் திரும்பியிருந்தால்...?

"குறட்டை விடுவாரா?" என்றேன்.

"அதை ஏன் கேக்கறீங்க! லைன்ல நாலு வீடு தள்ளியும் கேக்கும். ஆனா நடுவுல திடீர்னு சத்தம் நின்னுடும். எனக்குப் பக்குனு இருக்கும். அப்புறம் மூச்சு முட்டின மாதிரி திமிறிக்கிட்டு மறுபடி ஆரம்பிப்பாரு."

இந்தக் கேள்வியை முதல் தடவை வந்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும். அசதி என்றார், அமுக்கரா சூரணம் கொடுத்து அனுப்பிவிட்டேன். என் தவறுதான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இத்தனை வருஷமாக நாடி பார்க்கிறேன். இரவு முழுவதும் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் லேகியம் எதுவும் என்னிடம் இல்லை. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமும் இல்லை.

நடுவில் ஏன் நிற்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பக்கத்துச் சதையும் பின்னால் சரிந்து மூச்சுக் குழாயையே அடைத்துவிடும். நெஞ்சு மூச்சை இழுக்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறி எழுப்பிவிடும். ஒரு திமிறல், ஒரு மூச்சு, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு! காலையில் எழுந்தால் எதுவும் நினைவிருக்காது. தலைவலியும் அசதியும்தான் மிச்சம். இதற்குப் பெயர்தான் 'ஸ்லீப் ஆப்னியா'. தூக்கத்தில் மூச்சுத்தடை.

இப்படியே விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயம் களைக்கும். 2022 பிப்ரவரியில் 'டிஸ்கோ டான்சர்' புகழ் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 69 வயதில் மும்பையில் காலமானார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் இந்த நோயைக் காரணமாகச் சொன்னபோதுதான் நம்மில் பலர் இதன் பெயரையே முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். 2023-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்தத் தொல்லை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

ஜீப்காரரைக் கோயம்புத்தூரில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினேன். ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை. 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு தடைபடுவது மணிக்கு எத்தனை தடவை என்று எண்ணினார்கள். 5-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. இவருக்கு 42!

வாக்குவம் கிளீனரில் பிறந்த மெஷின்

1980 வரை கடுமையான மூச்சுத்தடைக்கு நம்பகமான சிகிச்சை என்றால் கழுத்தில் துளை போடுவதுதான். அந்த வருஷம் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் ஒரு யோசனை செய்தார். காற்றை உறிஞ்சுகிற வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி, காற்றை ஊதச் செய்து, மூக்கு வழியாக மெல்ல அனுப்பினால் என்ன? சைக்கிள் டியூப் காற்றில் விறைத்து நிற்பது போல, மூச்சுக் குழாயும் மடங்காமல் திறந்தே நின்றது. அன்று ராத்திரி நோயாளி அடைப்பு இல்லாமல் தூங்கினார். 1981-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் 5 நோயாளிகளின் விவரத்தோடு அவர் எழுதிய கட்டுரைதான் இன்றைய 'சி-பாப்' மெஷினுக்குப் பிள்ளையார் சுழி.

இதிலிருந்து வருவது ஆக்சிஜன் அல்ல, சாதாரணக் காற்றுதான். அழுத்தம் 4 முதல் 20 வரை. அது என்ன கணக்கு என்கிறீர்களா? ஒரு ஜக்குத் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 செ.மீ. ஆழத்துக்கு விட்டு ஊதிப் பாருங்கள். குமிழி வரவழைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அதுதான் '10'.

பரண் மேல் ஏறிய மெஷின்

"அப்பாவுக்கு நல்ல மெஷினா வாங்கிடுவோம்" என்று மகன் கிளம்பினான். தெரிந்த ஒருவரிடம் கொரோனா சமயத்தில் வாங்கிய 'பை-பாப்' சும்மா கிடந்தது. சி-பாப்பைவிட விலை கூடியது, அதனால் உசத்தி என்று நினைத்து, மருத்துவரைக் கேட்காமலே பாதி விலைக்கு வாங்கி வந்துவிட்டான். கூடவே முகத்தை மூடும் பெரிய மாஸ்க்.

முதல் ராத்திரி மீசை இடுக்கில் காற்று புஸ்ஸென்று கண்ணில் அடித்தது. இரண்டாம் ராத்திரி வாய் வறண்டது. மூன்றாம் நாள், "வாசனையா இருக்கட்டும்" என்று மெஷினின் தண்ணீர்த் தொட்டியில் நம்மூர் யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு! மூக்கு எரிந்தது. நாலாம் நாள் மெஷின் பரண் மேல் ஏறிவிட்டது.

"எனக்கு இது ஒத்துக்காது வைத்தியரய்யா" என்று வந்து நின்றார்.

"மெஷின் உமக்கு ஒத்துக்கலையா, உமக்குப் பொருந்தாத மெஷினை வாங்கிட்டீங்களா?" என்றேன். திரும்பக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன்.

எது யாருக்கு?

சி-பாப்: ராத்திரி முழுக்க ஒரே அழுத்தம். பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

ஆட்டோ சி-பாப்: தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மல்லாந்து படுத்தால் ஒரு அளவு, ஒருக்களித்தால் ஒரு அளவு என்று மாறுகிறவர்களுக்கு வசதி.

பை-பாப்: மூச்சை இழுக்க ஒரு அழுத்தம், விட ஒரு அழுத்தம். மிக அதிக அழுத்தம் தேவைப்படுபவர்கள், உடல் பருமனால் மூச்சே குறைந்துபோனவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய், தசை பலவீனம் உள்ளவர்கள்... இப்படிச் சிலருக்கு மட்டும். விலை கூட என்பதற்காக உசத்தி இல்லை!

மாஸ்க்கிலும் மூன்று வகை. மூக்கை மட்டும் மூடுவது. மூக்குத் துளையில் பொருந்தும் சின்னக் குமிழ்கள். மூக்கையும் வாயையும் மூடுவது. வாய் திறந்து தூங்குபவருக்குக் கடைசி வகை. மீசை, தாடி உள்ளவர்கள் குமிழ் வகையைப் போட்டுப் பார்க்கலாம். நம் ஜீப்காரருக்கு அதுதான் பொருந்தியது. மெஷின் ஆட்டோ சி-பாப்.

பல வருஷம் நோயாளிகளைப் பார்த்ததில் நான் கண்டது இதுதான்: மெஷின் தோற்பது குறைவு, மாஸ்க் பொருந்தாமல் தோற்பதே அதிகம். முகத்துக்குச் சேராத மாஸ்க்கோடு லட்ச ரூபாய் மெஷின் வாங்கினாலும் அது பரணுக்குத்தான்.

பணம் கொடுக்கும் முன்...

1. பரிசோதனை அறிக்கையும், மெஷின் வகை, அழுத்தம் குறித்த மருத்துவரின் சீட்டும் கையில் இருக்கட்டும்.

2. சில நாள் வாடகைக்கோ, சோதித்துப் பார்க்கவோ தருவார்களா என்று கேளுங்கள். தருபவரிடமே வாங்குங்கள்.

3. மாஸ்க்கை உட்கார்ந்து பார்த்தால் போதாது. படுத்து, காற்று ஓடும்போது, இரு பக்கமும் புரண்டு பாருங்கள். படுத்தால் முகத்தின் வடிவமே மாறும்.

4. ராத்திரி எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு காற்று கசிந்தது, மூச்சு எத்தனை தடவை தடைபட்டது என்று மெஷின் பதிவு செய்கிறதா? அந்தக் கணக்கு இல்லாமல் மருத்துவரால் சரிசெய்ய முடியாது.

5. மலையில் இருப்பவர்கள், உயரத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளுமா என்று கேளுங்கள். புது மாடல்கள் பெரும்பாலும் செய்யும். சில பழைய மாடல்களில் கையால் மாற்ற வேண்டும்.

6. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது நமக்குப் பழகியதுதானே? இன்வர்ட்டரிலோ பேட்டரியிலோ ஓடுமா என்று விசாரியுங்கள். பேட்டரியில் ஓடும்போது தண்ணீர்த் தொட்டியின் சூட்டை அணைத்துவிட்டால் அதிக நேரம் தாங்கும்.

7. பழைய மெஷின் வேண்டாம். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த நுரைப்பொருள் சிதைகிறது என்று தன் மெஷின்கள் பல லட்சத்தைத் திரும்பப் பெற அறிவித்தது. கைமாறி வரும் மெஷின் அதில் ஒன்றா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

8. மாஸ்க், ஃபில்டர், டியூப் எல்லாம் தேய்பவை. மாற்றுச் சாமான் பக்கத்து ஊரிலாவது கிடைக்குமா?

9. மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர் என்றால் சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் தொகை திரும்பப் பெற வழி உண்டு. வாங்கும் முன்பே அனுமதி பற்றி விசாரியுங்கள். மற்றவர்கள் தங்கள் இன்சூரன்ஸில் கேளுங்கள்.

பழகுவது எப்படி?

முதல் நாளே எட்டு மணி நேரம் என்று இறங்காதீர்கள். சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது அரை மணி போட்டுக்கொண்டு உட்காருங்கள். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் 'ராம்ப்' வசதியைப் போடச் சொல்லுங்கள். ஒரு ராத்திரிக்கு 4 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். தூங்கும் நேரம் முழுக்கப் போடுவதே இலக்கு.

தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஊற்றுங்கள். ஊற்றுத் தண்ணீரும் வேண்டாம், தைலமும் வேண்டாம். தினமும் காலையில் மீதித் தண்ணீரைக் கொட்டிக் காயவையுங்கள். குளிரில் டியூபுக்குள் நீர் கோத்து 'களக் களக்' என்று சத்தம் வந்தால், மெஷினைத் தலைக்குக் கீழான உயரத்தில் வைத்து, டியூபுக்குத் துணி உறை போடுங்கள். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் மாஸ்க் வழுக்கும், சிலிக்கானும் கெடும். சோப்புப் போட்டு முகம் கழுவிய பிறகே மாட்டுங்கள்.

என் பங்குக்கு...

சித்த வைத்தியனாக நான் கூடமாட உதவத்தான் முடியும். மூக்கடைப்பு உள்ளவர்கள் படுப்பதற்கு ஒரு மணி முன்னால் நொச்சி இலை போட்டு வேது பிடிக்கலாம். இரவு உணவைச் சீக்கிரம், அரை வயிறாக முடியுங்கள். சாராயம், பீர் எதுவும் கூடாது. அவை தொண்டையை இன்னும் தளர்த்தும். தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒருக்களித்துப் படுங்கள். உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத்தடை ஏறத்தாழ கால்வாசி குறைகிறது என்று அமெரிக்காவில் 2000-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இன்னொரு செய்தி கேளுங்கள். ஜெய்ப்பூர் மருத்துவர்கள் 30 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2025-ல் வெளியானது. வாரத்தில் 5 நாள், 15 நிமிடமாவது, 6 மாதம் சங்கு ஊதியவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சுத்தடையும் ஓரளவு குறைந்தன! தொண்டைத் தசைக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் ஆய்வு சின்னது. சங்கை ஊதுங்கள், அதற்காக மெஷினைக் கழற்றிவிடாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார்.

"எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு வைத்தியரய்யா. ஜீப்புல கண்ணசர்றதே இல்ல. மெஷின் போட்ட மொத நாலு நாள் எனக்குத்தான் தூக்கம் போச்சு. சத்தமே காணோமேன்னு எழுந்து எழுந்து, மூக்குக்கிட்ட கை வச்சுப் பாத்தேன்!"

கணவரின் குறட்டையைக் கேலி செய்யும் சகோதரிகளே, இன்று ராத்திரி ஒரு பத்து நிமிடம் விழித்திருந்து கேளுங்கள். சத்தம் நடுவில் நிற்கிறதா? நின்றால், நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.