ரொட்டி வரியோடு சேர்ந்து வந்த 63-வது பிரிவு

கென்யாவின் 2024 நிதி மசோதா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ரொட்டிதான். ரொட்டிக்கு 16 சதவீத மதிப்புக் கூட்டு வரி போட அரசு திட்டமிட்டது, இளைஞர்கள் கொதித்தெழுந்தார்கள், நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்தது, மசோதா கைவிடப்பட்டது. உலகச் செய்திகளில் கதை இப்படித்தான் ஓடியது. அதே மசோதாவில் 63-வது பிரிவு என்று ஒன்றும் இருந்தது. வரியைக் கணக்கிடவோ வசூலிக்கவோ தேவைப்பட்டால் நாட்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்காது என்றது அது. வரி ஏய்ப்பவர்களைப் பிடிக்கத்தானே, இதில் என்ன தப்பு என்று கேட்கத் தோன்றும். கென்யாவில் ஒருவருடைய வரவு செலவு எங்கே பதிவாகிறது என்று தெரிந்தால், அந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாகக் கேட்க முடியாது.

அது எம்-பெசாவில் பதிவாகிறது. 2007-ல் சஃபாரிகாம் தொடங்கிய செல்போன் பணச் சேவை இது. வங்கிக் கணக்கு வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். பட்டன் போன் போதும். நைரோபியில் ‘மாமா மபோகா’ என்று அழைக்கப்படும் காய்கறிக்காரப் பெண்களின் தள்ளுவண்டியிலும் பலகைக் கடையிலும் ஒரு எண் எழுதி ஒட்டியிருக்கும். தக்காளி வாங்குபவர் அந்த எண்ணுக்குப் பணம் அனுப்புவார். கடைக்காரருக்குக் குறுஞ்செய்தி வரும்: எவ்வளவு வந்தது, யாரிடமிருந்து வந்தது, எத்தனை மணிக்கு, இப்போது மீதி எவ்வளவு. அதே போனிலிருந்துதான் மறுநாள் கொள்முதலுக்குப் பணம் போகும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் போகும், ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போகும். கையில் காசு தீர்ந்தால் ஃபுலிசா என்ற மிகைப்பற்று வசதி அதிலேயே உண்டு. 2022 நவம்பரில் அரசு தொடங்கிய ‘ஹஸ்லர் நிதி’க் கடனும் போன் வழியாகத்தான்.

நம்மூர் யு.பி.ஐ. மாதிரிதானே என்று நினைத்துவிடக் கூடாது. யு.பி.ஐ.யில் பணம் வங்கியில் இருக்கிறது. அழைப்பு விவரம் வேறொரு செல்போன் நிறுவனத்திடம் இருக்கிறது. கென்யாவில் இரண்டும் ஒரே கூரையின் கீழ். யாரோடு பேசினீர்கள், எந்த டவருக்குப் பக்கத்தில் நின்றீர்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற மூன்றையும் ஒரே நிறுவனம் வைத்திருக்கிறது. 2024-ல் செல்போன் பணச் சந்தையில் 90 சதவீதத்துக்கு மேல் எம்-பெசாவின் பிடியில் இருந்தது. போராட்டம் நடந்த காலத்தில் சஃபாரிகாமின் பங்குகளில் 35 சதவீதம் கென்ய அரசின் கையில் இருந்தது.

இந்த நிலையில் 63-வது பிரிவு யாரைத் தொட்டிருக்கும்? கென்யாவில் வேலை பார்ப்பவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் முறைசாராத் துறையில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கை முழுவதும் அந்தக் குறுஞ்செய்திகளில் வரிசையாக இருக்கிறது. பெரும் பணக்காரர்களின் பணம் இருக்கும் இடமே வேறு. 2021 அக்டோபரில் வெளியான பண்டோரா ஆவணங்கள், அப்போதைய அதிபர் உஹுரு கென்யாட்டாவின் குடும்பத்தினருக்கு வெளிநாடுகளில் ரகசிய நிறுவனங்கள் இருந்ததைக் காட்டின. அப்படி நிறுவனம் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் பன்னாட்டுப் பத்திரிகையாளர்கள் கூட்டாக வேலை செய்து, லட்சக்கணக்கான ஆவணங்கள் கசிந்த பிறகுதான் அந்தத் திரை விலகியது. காய்கறிக்காரப் பெண்ணின் திரையை விலக்க ஒரு சட்டப் பிரிவே போதுமாக இருந்திருக்கும். அந்தரங்கம் என்பது எல்லோருக்கும் சமமாகக் கிடைத்த உரிமை என்று அரசியல் சாசனங்கள் எழுதிவைத்திருக்கின்றன. கென்யாவின் 2010 சாசனத்திலும் 31-வது பிரிவு அதைச் சொல்கிறது. நடைமுறையில் அது சொத்து போலவே ஏற்றத்தாழ்வோடு பங்கிடப்பட்டிருக்கிறது.

இன்னும் வெளிப்படையாக இதைப் பார்க்க 2023 ஜூலைக் கடைசிக்குப் போக வேண்டும். நைரோபியின் கென்யாட்டா பன்னாட்டு மாநாட்டு மையத்தில் நீண்ட வரிசை. சாம் ஆல்ட்மன் இணைந்து நிறுவிய வேர்ல்டுகாயின் நிறுவனம் பளபளக்கும் உருண்டைக் கருவி ஒன்றை வைத்துக் கண்ணின் கருவிழிப் படலத்தைப் படமெடுத்தது. பதிலுக்குக் கிடைத்த மின்காசுகளின் மதிப்பு சுமார் 7,000 ஷில்லிங். கூட்டம் தாங்கவில்லை. ஆகஸ்டு 2-ஆம் தேதி அரசு அதை நிறுத்திவைத்தது. திரட்டிய உடற்கூறுத் தரவுகளை அழிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வரிசையில் நின்றவர்களை அறியாதவர்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. மாத வாடகையில் பெரும்பங்கு ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது என்றால், விற்க வேறெதுவும் இல்லாதவர் கண்ணைக் காட்டுவதில் அறியாமை எங்கே இருக்கிறது?

வரி ஏன் இவ்வளவு எரிச்சலைக் கிளப்பியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 அதிபர் தேர்தலில் வில்லியம் ரூட்டோ தன்னை அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்களின் ஆள் என்றும், எதிரணியைப் பரம்பரைச் செல்வந்தர்கள் என்றும் சொல்லி வென்றவர். வந்த மறு ஆண்டே பெட்ரோல், டீசல் மீதான மதிப்புக் கூட்டு வரி 8-லிருந்து 16 சதவீதமானது, சம்பளத்தில் 1.5 சதவீதம் வீட்டுவசதி நிதிக்குப் பிடிக்கப்பட்டது. 2014-ல் வாங்கிய 200 கோடி டாலர் யூரோ கடன்பத்திரத்தின் தவணை 2024 ஜூனில் வந்தது. அதைச் சமாளிக்க அந்த ஆண்டு பிப்ரவரியில் 9.75 சதவீத வட்டிக்குப் புதிதாக 150 கோடி டாலர் திரட்டினார்கள். பிறகு 34,600 கோடி ஷில்லிங் கூடுதல் வருவாய் திரட்ட இந்த நிதி மசோதா வந்தது. ரூட்டோவுக்கு இளைஞர்கள் ‘சகாயோ’ என்று பெயர் வைத்தார்கள். அது பைபிளில் மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவன் சகேயுவின் பெயர். மக்கள் கட்டுச்செட்டாக இருக்க வேண்டும் என்று சொன்ன அதிபர், போராட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன் வாடகைச் சொகுசு விமானத்தில் அமெரிக்கா போய் வந்திருந்தார்.

ஜூன் 18 அன்று முதல் பெரிய ஊர்வலம். அன்றைக்கே ரொட்டி வரி, கார் வரி, எம்-பெசா கட்டண வரி உயர்வு எல்லாம் வாபஸ் என்று அறிவித்தார்கள். 63-வது பிரிவும் நாடாளுமன்ற நிதிக் குழுவின் ஆய்வில் கழற்றிவிடப்பட்டது. தரவுப் பாதுகாப்பு ஆணையமே அதை எதிர்த்திருந்தது. கூட்டம் கலையவில்லை. தலைவர் இல்லை, கட்சி இல்லை, இனக்குழு இல்லை என்பதே அந்த இளைஞர்களின் முழக்கம். டிக்டாக்கில் மசோதாவை வரிவரியாக விளக்கினார்கள், எக்ஸ் தளத்தின் குரல் அரங்குகளில் விடிய விடிய விவாதித்தார்கள், தெருவில் ஸெல்லோ என்ற வாக்கி-டாக்கி செயலியில் பேசிக்கொண்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் செல்போன் எண்களைப் பொதுவில் போட்டு, குறுஞ்செய்திகளாலும் அழைப்புகளாலும் திணறடித்தார்கள். அப்போது தனிநபர் தரவைப் பகிர்வது குற்றம் என்று அதே தரவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. சட்டப்படி ஆணையம் சொன்னது சரிதான். ஆனாலும் ஆட்சியில் இருப்பவர்களின் எண் வெளியானதும் சட்டம் எவ்வளவு சுறுசுறுப்பாகிறது என்று அந்த இளைஞர்கள் கேலி செய்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஜூன் 25 அன்று 195-க்கு 106 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. சற்று நேரத்தில் நாடாளுமன்ற வளாகத்தில் தீ. போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. மறுநாள் ரூட்டோ கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். ஜூலை 1 வரை 39 பேர் இறந்ததாகக் கென்ய தேசிய மனித உரிமை ஆணையம் கணக்கு சொன்னது.

அதற்குப் பிறகு தொடங்கியது ஆள் கடத்தல். எண் பலகை இல்லாத கார், முகமூடி அணிந்தவர்கள், வாரக்கணக்கில் தகவல் இல்லை. டிசம்பர் வரை இப்படி 82 பேர் தூக்கிச் செல்லப்பட்டதாக அதே ஆணையம் பதிவு செய்தது. 29 பேர் அப்போதும் திரும்பவில்லை. காணாமல்போன மூவரைப் பற்றி நீதிமன்றம் பலமுறை அழைத்தும் வராத பொறுப்பு போலீஸ் தலைவர் கில்பர்ட் மசென்கெலிக்குச் செப்டம்பரில் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனைக்குக் கெடு கொடுக்கப்பட்டிருந்த நாட்களில் மூவரும் விடுவிக்கப்பட்டார்கள். தண்டனையும் பின்பு நீங்கியது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்விதான் செல்போன் பக்கம் திரும்பியது. மறையாக்கம் கொண்ட செயலியில் பேசினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பேச்சின் உள்ளடக்கத்துக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. போன் உயிரோடு இருக்கும் வரை அருகிலுள்ள டவரோடு தொடர்பிலேயே இருக்கும். எந்த எண் எந்த எண்ணோடு எத்தனை நிமிடம், எந்த டவரிலிருந்து பேசியது என்ற பட்டியல் கட்டணக் கணக்குக்காகச் சேமிக்கப்படும். நம்மூர்க் குற்றச் செய்திகளில் சி.டி.ஆர். என்று வருவது இதுதான். சிம் கார்டு அடையாள அட்டையோடு பதிவானது என்பதால் எண் தெரிந்தால் ஆள் தெரியும். காவல் துறையும் உளவு அமைப்புகளும் இந்தப் பதிவுகளை எளிதில் பார்க்க வழி இருந்ததாக 2024 அக்டோபரில் நேஷன் நாளிதழ் புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. சஃபாரிகாம் அதை மறுத்தது; நீதிமன்ற ஆணை இருந்தால் மட்டுமே தரவு தருகிறோம் என்றது.

போராட்டத்துக்குப் போகிறவர்களுக்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பையில் ரொக்கம் இருப்பவர்களுக்கு எழுதிய அறிவுரை அது. நைரோபியில் மட்டாட்டு பஸ் கட்டணம் முதல் தண்ணீர் பாட்டில் வரை போனில்தான் பலர் கட்டுகிறார்கள். காயம்பட்டவர்களின் மருத்துவச் செலவுக்கு இணையத்தில் திரட்டிய சுமார் 3 கோடி ஷில்லிங்கும் பெரும்பாலும் சின்னச் சின்ன செல்போன் அனுப்பல்களாக வந்து சேர்ந்தது. நூறு ஷில்லிங் கொடுத்தவரின் பெயரும் எண்ணும் எங்கோ ஒரு பட்டியலில் இருக்கிறது.

அடையாளத்தைப் பதிந்து ஆளைப் பின்தொடர்வது கென்யாவுக்குப் புதிதும் அல்ல. முதல் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் ஆட்சி கென்யாவில் ‘கிபாண்டே’யைக் கொண்டுவந்தது. வயதுவந்த ஆப்பிரிக்க ஆண்கள் கைரேகை, எஜமானர் பெயர், கூலி விவரம் எழுதிய தாளைச் சிறு உலோகப் பெட்டியில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். வெள்ளையர் தோட்டத்தை விட்டு ஓடியவரைப் பிடிக்க அது உதவியது. கூடவே குடிசை வரி. இரண்டையும் எதிர்த்தவர் ஹாரி துக்கு. அரசுக் கருவூலத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். 1922 மார்ச் 14 அன்று அவரைக் கைது செய்தார்கள். 16-ஆம் தேதி நைரோபி காவல் நிலையத்தின் முன் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. அரசுக் கணக்குப்படியே 21 பேர் இறந்தார்கள். வரி கேட்டவர்களும் அடையாளம் கேட்டவர்களும் அன்றும் ஒரே ஆட்கள்தான்.

2025-ல் அடுத்த நிதி மசோதா வந்தது. வணிக நிறுவனங்கள் வாடிக்கையாளரின் தனிப்பட்ட தரவை வருவாய் ஆணையத்திடம் கொடுக்கத் தேவையில்லை என்ற பாதுகாப்பை நீக்கும் பிரிவு அதில் மீண்டும் எட்டிப் பார்த்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் நாடாளுமன்ற நிதிக் குழுவுக்கு ஆட்சேப மின்னஞ்சல் போகும்படி வலைப்பக்கம் செய்த இளம்பெண்ணை மே மாதக் கடைசியில் கைது செய்தார்கள். கணினி அமைப்பில் அத்துமீறித் தலையிட்டதாக வழக்கு. குற்றப்பத்திரிகை எந்தக் குற்றத்தையும் காட்டவில்லை என்று சொல்லி ஜூன் 20 அன்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பிரிவையும் நிதிக் குழு நிராகரித்தது.

ஆக, வரிக்காகத் தரவைத் திறந்துவிடும் முயற்சி இரண்டு முறை தோற்றிருக்கிறது. ஆனால் 2024-ல் வரிக்கான அந்த விலக்கைச் செருகப் பார்த்த இடம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 51-வது பிரிவு. தேசப் பாதுகாப்புக்கோ பொது நலனுக்கோ தேவைப்பட்டால் சட்டம் பொருந்தாது என்ற விலக்கு 2019-ல் சட்டம் இயற்றியபோதே அதில் எழுதப்பட்டுவிட்டது. அதை நீக்கச் சொல்லி யாரும் நாடாளுமன்றத்துக்குள் புகவில்லை.