எத்தனை பொட்டு?

குழந்தை உடம்பில் சிவப்பு மச்சம் தெரிந்தால் நம் வீடுகளில் விசாரணை தாயிடம்தான் தொடங்கும்: "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியாம்மா?" போனாளோ இல்லையோ, அதற்கும் மச்சத்துக்கும் சம்பந்தமில்லை. கேட்க வேண்டியது, எத்தனை மச்சம் என்று.

பிறந்து சில வாரங்களில் தோலில் புடைத்து, ஸ்ட்ராபெரிப் பழம்போலச் சிவக்கும் இந்தப் பொட்டு, இரத்தநாளங்கள் பெருகி உண்டாகும் ஹெமாஞ்சியோமா என்னும் கட்டி. ஒன்றிரண்டு இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் வயிற்றை ஸ்கேன் செய்வது வழக்கம். இதே கட்டிகள் கல்லீரலிலும் முளைத்திருக்கலாம். அவை வேகமாக வளர்வது முதல் சில மாதங்களில். நம் மலேசியக் கிளினிக்குகளில் 2, 3, 5ஆம் மாதத் தடுப்பூசிக்குப் போவதும் அப்போதுதான். தொடையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாமல், சட்டையைக் கழற்றி முதுகையும் தலையையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லலாம்.

சுபாங் ஜெயா மெடிக்கல் சென்டருக்குக் கல்லீரல் விஷயத்தில் ஒரு பெயர் உண்டு. 1990களின் நடுவில், மலேசியாவில் குழந்தைகளுக்கான கல்லீரல் மாற்றுச் சிகிச்சை தொடங்கியது அங்கேதான். அதனாலோ என்னவோ, 'கல்லீரலில் கட்டி' என்றதுமே இங்கே பெற்றோர் மனம் ஆபரேஷன் அறைக்குப் போய்விடுகிறது. இந்தக் கட்டிக்கு அந்த அறை அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

பிறக்கும்போதே முழுதாக வளர்ந்து, ஒற்றையாக இருக்கும் கட்டி வேறு ஜாதி. அதில் பெரும்பாலானவை தாமாகவே சுருங்கும், கண்காணித்தால் போதும். பலவாகச் சிதறியவையும், கல்லீரல் முழுக்கப் பரவியவையும்தான் தொல்லை. அவற்றுக்குள் பாயும் இரத்தத்துக்கு ஈடுகொடுத்து இதயம் களைத்துப்போகலாம். வயிறு உப்பி மூச்சு திணறலாம்.

இன்னொன்று தைராய்டு. நம் அரசு மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்திலேயே அதைச் சோதித்துவிடுகிறார்கள். சோதனை சரியாக இருந்த குழந்தைக்கும் சில வாரம் கழித்து தைராய்டு குறையலாம். சுரப்பி ஒழுங்காகத்தான் சுரக்கும். சுரந்த ஹார்மோனை இந்தக் கட்டியில் உள்ள ஒரு நொதி அழித்துவிடும். 2000ஆம் ஆண்டில்தான் இது விளக்கமாக எழுதப்பட்டது. கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும். அதனால் பரவிய கட்டி என்றால் தைராய்டையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

புற்றுநோயோ என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது கொஞ்சம் சிக்கல். ஹெபடோபிளாஸ்டோமா என்ற கல்லீரல் புற்றில் ஏ.எஃப்.பி. என்ற புரதம் இரத்தத்தில் எகிறும். ஆனால் பிறந்த குழந்தைக்கு அது இயல்பாகவே பல்லாயிரக்கணக்கில் இருக்கும், மாதக்கணக்கில்தான் இறங்கும். வயதை ஒட்டிப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் வீண் பீதி. அதற்குத்தான் எம்.ஆர்.ஐ. சாயம் ஏற்றினால் ஹெமாஞ்சியோமாவில் பெரும்பாலும் ஓரம் முதலில் ஒளிர்ந்து, வெளிச்சம் மெல்ல உள்ளே நகரும். ஊசி குத்திச் சதை எடுத்தால் இரத்தம் கொட்டும் அபாயம் உண்டு. படம் குழப்பினால்தான் அதற்குப் போவார்கள்.

ஹெமாஞ்சியோமாவுக்கு மருந்து வந்த கதை விசித்திரமானது. பிரான்ஸின் போர்தோ நகரில், மூக்கில் ஹெமாஞ்சியோமா இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்ததில் இதயத் தசை தடித்துவிட்டது. இதயத்துக்காக ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். மறுநாளே கட்டி நிறம் மாறி இளகத் தொடங்கியது. லேயோதே-லாப்ரேஸ் குழுவினர் 2008இல் இதை வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துவந்த பழைய மருந்து, இன்று கல்லீரல் ஹெமாஞ்சியோமாவுக்கும் முதல் மருந்து. அளவு, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வரை. கொஞ்சத்தில் தொடங்கி ஏற்றுவார்கள், மாதக்கணக்கில் தொடரும். இரத்தநாளத்தை அடைப்பதும் கல்லீரலையே மாற்றுவதும் மருந்து கைவிட்ட பிறகுதான்.

வீட்டில் மறக்கக்கூடாதது பால். இந்த மருந்து இரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடலாம். பால் குடித்த பிறகே கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்து, பால் வேண்டாமென்று குழந்தை முகத்தைத் திருப்பினால் அந்த வேளை மருந்தைக் கொடுக்காமல் டாக்டருக்கு ஃபோன் போடுங்கள்.