அழுத்து, பொறு, தை
மருத்துவக் கருவிகளின் கதை – 17

ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சந்நிதியைத் தேடிப் போகிறவர்களில் பலர் நோயோடு போகிறவர்கள், அல்லது வீட்டில் நோயாளியை விட்டுவிட்டுப் போகிறவர்கள். அந்தச் சந்நிதிக்குப் பின்னால் ஓர் ஆஸ்பத்திரியின் கதை இருக்கிறது. சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, கோயிலின் ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததையும், அங்கே தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததையும் சொல்கிறது.

தன்வந்திரியிடம் பாடம் கேட்டவராகச் சொல்லப்படும் சுஸ்ருதரின் நூலில், கிழிந்த குடலை மூட ஒரு வழி இருக்கிறது. குடலின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துப் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்க விட வேண்டும். கடித்ததும் உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். ஊசி, நூல் இல்லாமல் சின்னச் சின்னப் பிடிகளால் திசுவை மூடும் யோசனை அவ்வளவு பழையது.

அதை உலோகத்தில் செய்து காட்டியவர் புடாபெஸ்டின் அறுவை மருத்துவர் ஹூமர் ஹூல்ட்ல். ஆண்டு 1908. விக்டர் ஃபிஷர் என்ற கருவி வடிவமைப்பாளர் செய்து கொடுத்த அந்த ஸ்டேப்ளர் ஏறக்குறைய மூன்றரை கிலோ எடை. பூட்டித் தயார் செய்யவே இரண்டு மணி நேரம் ஆனது. ஆனால் அதன் அடிப்படைகளை இன்று வரை யாரும் மாற்றவில்லை: முதலில் திசுவை நன்றாக அழுத்து, மெல்லிய கம்பியால் தை, பின்களை ஒன்றுக்கொன்று மாற்றி வரிசையாகப் போடு. 1920-களில் அதே ஹங்கேரியின் அலாதார் பெட்ஸ் அதன் எடையைக் குறைத்தார். அதன்பின் வேலை மாஸ்கோவுக்குப் போனது. சோவியத் அரசு அறுவைக் கருவிகளுக்கென்றே ஓர் ஆய்வுக் கூடத்தை நடத்தியது. 1958-இல் சோவியத் பயணம் போன அமெரிக்க மருத்துவர் மார்க் ராவிச், கீவ் நகரில் நுரையீரல் ஆபரேஷனில் இந்தக் கருவி வேலை செய்வதைப் பார்த்தார். பிறகு லெனின்கிராடில் ஒரு கடையில் ஒன்றை விலைக்கு வாங்கி ஊருக்குக் கொண்டுபோனார். அமெரிக்க ஸ்டேப்ளர் தொழில் அங்கிருந்துதான் கிளம்பியது.

இன்றைய கருவியைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு கைப்பிடி, அதிலிருந்து நீளும் மெல்லிய தண்டு, தண்டின் நுனியில் திறந்து மூடும் இரண்டு தாடைகள். கீழ்த் தாடையில் கார்ட்ரிட்ஜ். அதில் இந்தப் பக்கம் மூன்று வரிசை, அந்தப் பக்கம் மூன்று வரிசையாக டைட்டானியம் பின்கள். நடுவில் கத்தி ஓடும் பள்ளம். இயக்கினால் பின்கள் திசுவைத் துளைத்து மேல்தாடையில் முட்டி மடங்கும். கத்தி பின்னாலேயே வந்து நடுவில் வெட்டும். இரண்டு துண்டும் வெட்டும்போதே தைக்கப்பட்டிருக்கும். மடங்கிய பின் ஆங்கில ‘பி’ எழுத்தின் வடிவில் நிற்க வேண்டும். அந்த வளைவுக்குள் இருக்கும் இடைவெளியில்தான் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உயிரோடு இருக்கும். அடியோடு நசுக்கினால் ஓரம் அழுகும். தளர்வாக விட்டால் ரத்தம் கசியும், குடலில் இருப்பது வயிற்றுக்குள் கொட்டும்.

அதனால்தான் கார்ட்ரிட்ஜுக்கு நிறம். எத்திகான் நிறுவனத்தின் எஷலான் வகையில், மூடிய பின்னின் உயரம் வெள்ளையில் 1.0 மில்லிமீட்டர், நீலத்தில் 1.5, தங்க நிறத்தில் 1.8, பச்சையில் 2.0, கறுப்பில் 2.3. ரத்தக் குழாய்க்கு வெள்ளை, தடித்த இரைப்பைக்குப் பச்சை அல்லது கறுப்பு. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனில், ஒரே இரைப்பையின் கீழ்ப்பகுதி தடிப்பாகவும் மேல்பகுதி மெல்லியதாகவும் இருப்பதால், பாதி வழியில் கார்ட்ரிட்ஜின் நிறத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

கையால் இயக்கும் ஸ்டேப்ளரில் இரண்டு சங்கடங்கள். கைப்பிடியைத் திரும்பத் திரும்ப அமுக்கும்போது தண்டின் நுனி ஆடுகிறது. அதைவிடப் பெரிய சங்கடம் அவசரம். திசுவில் பெரும்பங்கு நீர். தாடை மூடியதும் நீர் மெல்ல வெளியேறித் திசு ஒடுங்குகிறது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அனுபவம் உள்ள மருத்துவர்கள் தாடையை மூடிவிட்டு மனதுக்குள் பதினைந்து எண்ணுவது இதற்காகத்தான். எண்ணி முடிவதற்குள் திசு போதுமான அளவு ஒடுங்கிவிட்டதா என்று கைக்குத் தெரியாது.

மோட்டாருக்குத் தெரியும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. டெல்டா விவசாயி பம்ப்செட் பெட்டியில் ஆம்ப்ஸ் மீட்டரைப் பார்த்தே, உள்ளே மண் சிக்கி மோட்டார் திணறுகிறது என்று சொல்லிவிடுவார். ஸ்டேப்ளரின் கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன மோட்டாரும் அப்படித்தான். எதிர்ப்பு கூடினால் இழுக்கும் மின்சாரம் கூடும். அதோடு ஸ்ட்ரெயின் கேஜ் என்ற சென்சாரும் சேர்கிறது. உலோகம் இம்மியளவு வளைந்தாலும் அதன் மின்தடை மாறும், அந்த மாற்றம் விசையின் அளவைச் சொல்லும். திருச்சி பெரிய கடைவீதியின் மின்னணுத் தராசுகளுக்குள் இருப்பதும் அதே சென்சார்தான். மெட்ரானிக் நிறுவனத்தின் சிக்னியா, இந்த அளவை வைத்துக் கத்தியின் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. திசு தடித்திருந்தால் மெதுவாகப் போகும். ரோபோ ஆபரேஷனுக்கான இன்ட்யூடிவ் நிறுவனத்தின் ஷ்யூர்ஃபார்ம், வினாடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் அளந்து, தேவைப்பட்டால் நடுவழியில் நின்று, மீண்டும் ஓடுவதாக அதன் தயாரிப்பாளர் சொல்கிறார். பதினைந்து எண்ணுவதற்குப் பதில், திசு ஒடுங்கும் வரை பொறுக்கும் கருவி இது. பாராட்ட வேண்டிய முன்னேற்றம்.

ஆனால் இந்த மோட்டாருக்குத் தெரியாதவை நிறைய. வெட்டும் இடத்தில் ரத்த ஓட்டம் போதுமா, சேர்த்த குடல் விறைத்து இழுபடுகிறதா, நோயாளியின் சர்க்கரை எவ்வளவு, இவை எதுவும் அதற்குத் தெரியாது. தவறான நிறத்தைப் போட்டால் அதை வைத்துத்தான் தைக்கும். கசிவுக்கு இவையெல்லாமே காரணமாகலாம். ‘சென்சார் இருக்கிறது, கசியாது’ என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2011 முதல் 2018 வரை ஸ்டேப்ளர் தொடர்பாக அங்கே 41,000-க்கும் மேற்பட்ட புகார்கள், அவற்றில் 366 மரணங்கள், 9,000-க்கும் மேற்பட்ட கடும் காயங்கள். உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019 மார்ச்சில் மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. பெரும்பாலான புகார்கள் பல ஆண்டுகள் பொதுமக்கள் பார்க்க முடியாத பட்டியலில் கிடந்தன. 2016-இல் வெளியே தெரிந்தவை 84, மறைந்து கிடந்தவை ஏறத்தாழ 10,000. பத்திரிகையாளர்கள்தான் அதை வெளிக்கொண்டு வந்தார்கள். 2021-இல் உள்ளுறுப்பு ஸ்டேப்ளர்கள் கடுமையான கண்காணிப்புக்குரிய வகைக்கு மாற்றப்பட்டன. புகார் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கருவி மோசம் என்று தீர்ப்பு எழுத முடியாது. பயன்பாடும் அந்த அளவு பெரிது. ஆனால் புகாரை மறைத்தால் எந்தக் கருவியும் திருந்தாது.

இந்தியாவில் வாபியின் மெரில் போன்ற நிறுவனங்கள் ஸ்டேப்ளர் தயாரிக்கின்றன. திருச்சியை நினைத்தால் ஆதங்கம் வருகிறது. 1960-களிலிருந்து இங்கே பெல் தொழிற்சாலை இருக்கிறது. அதை நம்பி வளர்ந்த துவாக்குடிப் பட்டறைகள் இருக்கின்றன. என்.ஐ.டி.யில் கருவியியல், கட்டுப்பாட்டுப் பொறியியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் அதோடு இணைந்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கொதிகலன் வெல்டிங்கும் தலைமுடி போன்ற டைட்டானியம் கம்பியும் ஒன்றல்ல, உண்மை. ஆனால் மோட்டார் கட்டுப்பாடும் விசை அளவீடும் இந்த ஊருக்குப் பழக்கமானவை. அரசு மருத்துவமனையின் அறுவை மருத்துவரும் என்.ஐ.டி. மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், சாதாரண ஏழைக்கும் எட்டும் விலையில் ஒரு கைப்பிடி பிறக்க முடியும்.

வாசகர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்களுக்கோ வீட்டாருக்கோ வயிற்றிலோ நுரையீரலிலோ ஆபரேஷன் நடந்தால், ஸ்டேப்ளர் பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். கார்ட்ரிட்ஜ் உறையிலுள்ள பெயர், பேட்ச் எண் ஆகியவற்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். கோளாறு நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்வதோடு, 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவியுங்கள். நோயாளிகளும் நேரடியாகப் புகார் தரலாம். அந்தத் திட்டத்தை நடத்தும் இந்திய மருந்தியல் ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி: 1800-180-3024.

(தொடரும்)