நாள் பெரிதா? நயம் பெரிதா?

இளம் அறிவியல் – கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு

“ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லையா?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. அடுப்படியில் பிறந்த இப்பழமொழி இன்றைய கணிப்பொறி விளையாட்டுத் தொழிலுக்கும் எத்துணைப் பொருத்தம் என்பதை எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. “ஆண்டு மலரில் விளையாட்டைப் பற்றி எழுதுவதா?” என்று பேராசிரியப் பெருமக்கள் வினவக்கூடும். நான் எழுத விழைவது விளையாடுவதைப் பற்றி அன்று. ஒரு விளையாட்டு உருவாகும் முறையைப் பற்றி. அதனுள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. நாளை முதலில் குறித்துவிட்டு வேலையை அதற்குள் அடக்குவதா? வேலையை முடித்துவிட்டு நாளைக் குறிப்பதா? படிப்பு முடிந்ததும் மென்பொருள் துறையில் வேலை தேடப் போகும் என்னைப் போன்றோர்க்கு இக்கேள்வி வெறும் பட்டிமன்றத் தலைப்பு அன்று, நாளைய வாழ்க்கை.

நாள் குறிப்பது ஏன்?

ஒரு பெரிய விளையாட்டை உருவாக்கப் பல நூறு பேர் பல ஆண்டுகள் உழைக்கின்றனர். நிரல் எழுதுவோர், ஓவியர், இசையமைப்போர், கதை எழுதுவோர், பிழை தேடுவோர் எனப் பலரும் கூடி இழுக்கும் தேர் அது. ஆனால் அது நிலைக்கு வந்து சேரும் நாளைக் குறிப்பவர் பெரும்பாலும் வடம் பிடிப்பவர் அல்லர். விளம்பரத்திற்கு முன்கூட்டியே பணம் செலுத்த வேண்டும்; மேலைநாடுகளில் கிறிஸ்துமஸ் விற்பனையைத் தவறவிடக் கூடாது; நிதியாண்டு முடிவதற்குள் பங்குதாரர்க்கு வருமானம் காட்ட வேண்டும். இவையே நாளைக் குறிக்கின்றன.

வீடு கட்டுவோன் இன்னும் எத்தனை செங்கல் வேண்டும் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். நிரல் எழுதுவோன் அங்ஙனம் சொல்ல இயலாது. எடுத்துக்காட்டாக, கதைத்தலைவன் தாவும் உயரத்தைச் சிறிது கூட்டுவதாகக் கொள்வோம். அதனால் அவன் ஏறக்கூடாத சுவர் ஒன்றில் ஏறிவிடலாம். ஏறினால் கதையில் ஒரு பகுதியையே தாண்டிச் சென்றுவிடலாம். எனவே அந்த ஒரு மாற்றத்திற்காக எல்லாச் சுவர்களையும் மீண்டும் சோதிக்க வேண்டும். ஒரு பிழையைத் திருத்தினால் இரண்டு பிழைகள் தலைகாட்டுவது இத்தொழிலின் இயல்பு. இதனை எங்கள் துறை ஆய்வகத்தில் சிறு நிரல் எழுதும் நாங்களே நாள்தோறும் காண்கிறோம். பல இலட்சம் வரிகள் கொண்ட நிரலைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ?

ஐந்து வாரத்தில் ஒரு விளையாட்டு

அவசரத்தின் விளைவுக்கு எல்லோரும் காட்டும் முதற் சான்று அமெரிக்காவில் 1982இல் வெளிவந்த ‘ஈ.டி.’ என்னும் விளையாட்டு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய அதே பெயருடைய திரைப்படம் அவ்வாண்டு ஜூன் திங்களில் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதனை விளையாட்டாக்கும் உரிமைக்கான பேச்சு ஜூலை இறுதியில்தான் முடிந்தது. கிறிஸ்துமஸுக்குள் கடைக்கு வரவேண்டுமெனில் செப்டம்பர் தொடக்கத்திலேயே நிரல் முடிந்தாக வேண்டும். அட்டாரி நிறுவனத்தின் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்னும் நிரலருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ ஐந்தே வாரங்கள்! அக்காலத்தில் அத்தகைய விளையாட்டு ஒன்றை ஆக்கப் பல மாதங்கள் பிடிக்கும்.

அவர் குறித்த நாளில் முடித்துக் கொடுத்தார். ஆயினும் விளையாடியோர் குழிக்குள் விழுவதும் ஏறுவதும் மீண்டும் விழுவதுமாக அலுத்துப் போயினர். அக்கால விளையாட்டு கார்ட்ரிட்ஜ் என்னும் பெட்டிக்குள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டது. விற்றபின் ஓர் எழுத்தைக்கூட மாற்ற இயலாது. விற்காமல் தேங்கிய பெட்டிகளுள் ஒரு பகுதி, அட்டாரியின் வேறு பல சரக்குகளோடு, 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ நகரின் குப்பை மேட்டில் புதைக்கப்பட்டது. வெறும் வதந்தி என்றே பலர் எண்ணியிருந்த இச்செய்தி, 2014 ஏப்ரலில் அவ்விடத்தைத் தோண்டியபோது மெய்யாயிற்று. அட்டாரி 1983இல் 50 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. அதற்கு ‘ஈ.டி.’ ஒன்றே காரணம் என்பது மிகை. தரமற்ற விளையாட்டுகள் பல சந்தையில் குவிந்து கிடந்ததும் காரணமாகும். எனினும், செய்த ஒருவரின் திறமைக்குறைவால் அன்றி, தரப்பட்ட காலத்தின் குறைவால் ஒரு பொருள் கெட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இணையம் தந்த வசதி

இன்று நிலைமை மாறிவிட்டது. விற்றபின்னும் இணையத்தின் வழியே திருத்தங்களை அனுப்பலாம். இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வசதியே “முதலில் விற்போம், பிறகு திருத்துவோம்” என்னும் துணிச்சலையும் தந்துவிட்டது.

போலந்து நாட்டின் சி.டி. புரொஜெக்ட் நிறுவனம் ‘சைபர்பங்க் 2077’ என்னும் விளையாட்டை 2012இல் அறிவித்தது. முடிந்த பின்னரே வெளிவரும் என்பதே அந்நாளில் அவர்கள் சொன்னது. 2019 ஜூனில் நாள் குறிக்கப்பட்டது: 2020 ஏப்ரல் 16. பின்பு அது செப்டம்பர் 17 ஆயிற்று. பின்பு நவம்பர் 19. இறுதியில் டிசம்பர் 10. செப்டம்பர் இறுதியில் ஊழியர்கள் வாரத்தில் ஆறு நாள் வேலை செய்யும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். வெளிவரும் முன்பே 80 இலட்சம் பேர் பணம் கட்டி முன்பதிவு செய்திருந்தனர்.

டிசம்பர் 10இல் வெளிவந்தது. பழைய இயந்திரங்களான பிளேஸ்டேஷன் 4இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் படம் தடுமாறியது. ஆட்டம் இடையிலேயே நின்றது. ஒரே வாரத்தில், டிசம்பர் 18 அன்று, சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அதனை நீக்கிவிட்டது. கேட்டவர்க்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அங்கு அது மீண்டும் விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில்தான். “இப்போது நன்றாக இருக்கிறதே!” என்பார் உளர். ஆம், 2023 செப்டம்பரில் வந்த பெருந்திருத்தத்திற்குப் பின் அது பலராலும் பாராட்டப்பட்டது. ஆனால் நம்பி முதலில் பணம் கட்டியவர்க்குக் கிடைத்தது வேகாத சோறு. ஏறத்தாழ மூன்று ஆண்டு கழித்து வந்தவர்க்குக் கிடைத்தது விருந்து. இது முறைதானா?

காத்திருந்தால் மட்டும் போதுமா?

அப்படியாயின் நாளே குறிக்காமல் காத்திருப்பதுதான் வழியா? அதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் 3டி ரெல்ம்ஸ் நிறுவனம் ‘டியூக் நியூகம் ஃபாரெவர்’ என்னும் விளையாட்டை 1997இல் அறிவித்தது. முந்தைய ஆட்டம் ஈட்டித் தந்த பணம் கையில் இருந்தது, நெருக்குவார் இல்லை. எப்போது வரும் என்று கேட்டவர்க்கெல்லாம் “முடியும்போது வரும்” என்பதே விடை. ஆனால் அடுத்த ஆண்டே, அதுவரை பயன்படுத்திய அடிப்படை மென்பொருளை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறினர். புதிய நுட்பம் எது வந்தாலும் அதனையும் சேர்க்க விரும்பினர். இங்ஙனம் ஆண்டுகள் உருண்டன. 2009இல் பணம் தீர்ந்து, பணிக்குழு கலைக்கப்பட்டது. வேறொரு நிறுவனம் எடுத்து முடித்து 2011 ஜூனில் வெளியிட்டது. பதினான்கு ஆண்டு காத்திருந்தவர்க்கு ஏமாற்றமே எஞ்சியது. காலம் நிறைய இருந்தது; “இது போதும்” என்று சொல்லும் துணிவு இல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகும் அன்றோ?

முடித்தபின் குறித்த நாள்

இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே ஒரு நல்வழி உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் டீம் செர்ரி என்னும் மிகச் சிறிய குழு இருக்கிறது. 2017இல் அவர்கள் வெளியிட்ட ‘ஹாலோ நைட்’ பெரும்புகழ் பெற்றது. அதன் தொடர்ச்சியான ‘சில்க்சாங்’ 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. முன் ஆட்டத்திற்கு ஓர் இணைப்பாகத் தொடங்கியது தனி ஆட்டமாகவே வளர்ந்துவிட்டது. ஆண்டுகள் ஆறு கடந்தன. ஆர்வலர்கள் பொறுமை இழந்தனர். குழுவினரோ பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. 2025 ஆகஸ்டு 21 அன்று, பணி முடிந்த நிலையில் நாளைச் சொன்னார்கள்: செப்டம்பர் 4. அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே இரண்டே வாரங்கள்! சொன்ன நாளில் வந்தது. வாங்க வந்தோர் கூட்டத்தால் இணையக் கடைகளே சற்று நேரம் திணறின.

டியூக் குழுவுக்கும் இக்குழுவுக்கும் கையில் சொந்தப் பணம் இருந்தது. வேறுபாடு யாது? ஒருவர் ஊரில் புதிதாக வந்ததையெல்லாம் துரத்தினர். மற்றவர் தாம் தொடங்கியதையே வளர்த்து முடித்தனர்.

எல்லோரிடமும் சொந்தப் பணம் இராது என்பது உண்மையே. ஆனால் பங்குதாரர் உடைய பெரிய நிறுவனமும் பொறுக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2019இல் வரவேண்டிய ‘அனிமல் கிராசிங்’ ஆட்டத்தை 2020 மார்ச்சுக்குத் தள்ளி வைத்தது. ஊழியர்க்கு வேலையும் வாழ்க்கையும் சமநிலையில் இருக்க வேண்டும் என்று அதன் அமெரிக்கக் கிளைத் தலைவர் டக் பவுசர் அப்போது கூறினார். அந்த ஆட்டம் பின்னர் 4 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. தாமதத்தால் அது கெட்டுவிடவில்லை.

முடிவுரை

நண்பர்களே! தாமதம் என்றாலே சோம்பல் என்று எண்ணிவிடுகிறோம். அது தவறு. தாமதிக்கும் காலத்தில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. குறை களையப்படுமாயின் அது உழைப்பு. ஆசை மட்டும் பெருகுமாயின் அது வீண்.

வாங்குவோராகிய நாமும் ஒன்று செய்யலாம். காணாத பொருளுக்கு முன்பணம் கட்டாதிருக்கலாம். முன்பதிவுப் பணம் குவியக் குவிய, அரைகுறையாக விற்கும் துணிவும் வளர்கிறது. ஒரு வாரம் பொறுத்து, விளையாடியவர் சொல்வதைக் கேட்டு வாங்கினால் நமக்கு இழப்பு ஏதுமில்லை. “இன்னும் வரவில்லையா?” என்று செய்வோரை ஏசுவதையும் விட்டுவிடலாம். அந்த ஏச்சு, நாளைக் குறித்த மேலாளரைச் சுடுவதில்லை; இரவு பகலாய்த் திரை முன் அமர்ந்திருக்கும் நிரலரையே சுடுகிறது.

நாளை நம்முள் சிலர் அந்த நாற்காலியில் அமரக்கூடும். அப்போது ஒருவர் வந்து, “எந்த நாளில் முடியும்?” என்று கேட்பார். அவர் விரும்பும் நாளைச் சொல்வது எளிது. வேலை கேட்கும் நாளைச் சொல்வது அரிது. அரியதைச் சொல்லும் நெஞ்சுரத்தை, மதிப்பெண்ணோடு சேர்த்து, இக்கல்லூரியிலேயே நாம் ஈட்டிக்கொண்டு செல்வோமாக!