முன்பாரமா, பின்பாரமா?
கொக்கி சொல்லும் பாடம்

ஆரணி என்றதும் பட்டுப்புடவை நினைவுக்கு வரும், அடுத்தபடியாக அரிசி. அறுவடைக் காலத்தில் இவ்வூர்ச் சாலைகளில் சற்று நின்று பாருங்கள். நெல் மூட்டைகளை மலைபோல் ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் ஆலைகளை நோக்கி ஊர்ந்து செல்லும். மேடு ஏறும்போது சில டிராக்டர்களின் முன்சக்கரங்கள் தரையை விட்டு மெல்ல எழும்புவதையும் காணலாம். பார்ப்பவர்க்கு அது வேடிக்கை. ஓட்டுபவர்க்கோ உயிர்ப் பிரச்சினை!

இதற்குக் காரணம் என்ன? பழைய மாட்டு வண்டிக்காரரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். "தம்பி, முன்பாரமா ஏத்தினா மாட்டுக் கழுத்துல உக்காரும், பின்பாரமா ஏத்தினா வண்டி குடை சாயும். அச்சுக்கு ரெண்டு பக்கமும் பார்த்து ஏத்தணும்" என்பார். பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் மூன்றே வாக்கியங்களில் முடித்துவிடுகிறார்.

நுகத்தடிக்குப் பதில் கொக்கி

டிராக்டரில் நுகத்தடியின் வேலையைக் கொக்கி செய்கிறது. இரண்டு சக்கர டிரெய்லரின் பாரத்தில் ஒரு பகுதி அந்தக் கொக்கியின் மீதே இறங்குகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொக்கி பின் அச்சுக்கு ஒன்றரை அடி பின்னால் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 6 அடி. கொக்கியில் 600 கிலோ அழுத்தினால், முன்சக்கரங்களின் பாரத்தில் 150 கிலோ குறைந்துவிடும். பின் அச்சோ 750 கிலோவைக் கூடுதலாகத் தாங்க வேண்டும். முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.

கொக்கியின் உயரமும் முக்கியம். பின் அச்சின் மட்டத்திற்கு மேலே சங்கிலி கட்டி இழுத்தால், டிராக்டர் பின்புறமாகக் குப்புறக் கவிழ்ந்துவிடக்கூடும். எழுந்து குதிக்கவும் நேரம் இராது. ஆகவே, இழுப்பதற்கென்று கீழே அமைத்திருக்கும் சட்டத்தில்தான் டிரெய்லரைப் பூட்ட வேண்டும்.

ஐந்தாம் சக்கரம்

நெடுஞ்சாலையில் செல்லும் நீண்ட கன்டெய்னர் லாரிகளுக்கு இக்கொக்கி போதாது. 1914-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், மரவியாபாரி ஒருவரின் படகை ஏற்றிச் செல்ல ஒரு டிரெய்லர் செய்து, ஃபோர்டு காரின் பின்னால் பூட்டினார். முன்பாதியை வண்டி தாங்க, பின்பாதி தன் சக்கரத்தில் ஓடும் இம்முறை உலகெங்கும் பரவிற்று. இன்று அதை இணைக்கும் வட்டத் தட்டுக்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். குதிரை வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காக வைத்த கிடைவட்டத்திலிருந்து வந்த பெயர் இது.

இத்தட்டு பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் அமைகிறது. அதனால் பாரம் அச்சில் நேராக இறங்கும். வால்புறத்தில் தொங்கிச் சேசிஸை வளைக்காது. டிரெய்லரின் அடியிலுள்ள 'கிங் பின்' சாதாரணமாக 50 மில்லிமீட்டர் பருமன். மிகப் பெரும் பாரங்களுக்கு 90 மில்லிமீட்டர். அத்தனை டன் சரக்கும் இழுபடுவது இந்தச் சிறு முளையால்தான் என்றால் வியப்பல்லவா?

சேசிஸ் ஏன் விரிகிறது?

சேசிஸின் நீள்சட்டம், 'ப' என்ற எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தாற்போல் இருக்கும். வளையும்போது அதிக வேதனை மேல், கீழ் விளிம்புகளுக்கே. அங்கே துளை போட்டாலும், கண்டபடி வெல்டிங் வைத்தாலும் விரிசலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததாகும். தட்டைத் தாங்கும் துணைச்சட்டம் நீளமாக இருந்து பாரத்தைப் பரப்ப வேண்டும். குட்டையாக வெட்டிவிட்டால் அது முடியும் இடத்திலேயே விரியும். தறியில் ஓர் இழைமேல் மட்டும் இழுப்பு விழுந்தால் அது அறுவதை ஆரணி நெசவாளர் அறிவார். இரும்புக்கும் அதே நியாயந்தான்.

பூட்டியாயிற்றா?

டிரெய்லர் உயரமாக நின்றால் கிங் பின் தாடைக்கு மேலேயே தங்கிவிடும். பூட்டியதுபோல் தோன்றும், பூட்டியிராது! ஆகையால் ஓட்டுநர் கீழே இறங்கி, டார்ச் அடித்து, தாடை மூடியிருப்பதைக் கண்ணால் காண வேண்டும். பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து, முதல் கியரில் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். தட்டில் கிரீஸ் வறண்டிருந்தால் வளைவில் வண்டி சண்டித்தனம் செய்யும்.

இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும். அன்று வண்டிக்காரர் கடையாணியைத் தொட்டுப் பார்க்காமல் வண்டி பூட்டியதில்லை. குதிரைச் சக்தி பெருகிவிட்டதென்று அந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிடலாமா? எதிரே சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளை நம்பி வருவது அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.