அகல டயர் போட்டால் அழகுதான், அச்சு தாங்குமா?

வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நம்மவர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1961-ல் வெளிவரத் தொடங்கி, பத்து ஆண்டுக் காலம் நாடெங்கும் ஓடிய வண்டி. எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் முன்பக்கம் முழுவதையுமே முன்னோக்கிக் கவிழ்த்துத் திறக்க வேண்டும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். சந்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டாலும் லாகவமாக வெளியே வந்துவிடும்.

அந்த ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் ஒரு தம்பி உண்டு. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, மேலே இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த உடம்பைப் பொருத்தி, கோவென்ட்ரி நகரின் டிரையம்ஃப் கம்பெனி 1962-ல் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. பெயர் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் ஒருவரே: இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 1980-ல் உற்பத்தி நிற்கும் வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் தயாராயின.

இந்தியாவில் ஸ்பிட்ஃபயர் அபூர்வம். ஹெரால்டு அப்படியல்ல. மும்பையிலும் பெங்களூரிலும் பழைய கார்ப் பிரியர்கள் தேடிப் பிடித்து, வர்ணம் அடித்து, ஊர்வலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கார்களுக்கு ஸ்பானர் பிடிப்பவர்களிலும், ஓட்டுபவர்களிலும், கேரேஜில் பில் எழுதுபவர்களிலும் தமிழர் உண்டு. அவர்கள் அடிக்கடி கேட்கும் உத்தரவு ஒன்று: "டயர் ரொம்ப ஒல்லியா இருக்கு. அகலமா ஒரு செட் போட்டுக் கொடு."

கேட்பவர் மேல் தப்பில்லை. ஆதியில் இந்த இரண்டு கார்களுக்கும் 13 அங்குல ரிம். அதன் அகலம் மூன்றரை அங்குலமே. டயரின் அளவு 5.20-13. இன்றைய கண்ணுக்கு அது ஏதோ சைக்கிள் ரிக்‌ஷா சக்கரம் போலத்தான் தெரியும். கம்பெனியே பிற்காலத்தில் ஸ்பிட்ஃபயருக்கு ரிம்மை நாலரை அங்குலமாக்கி, 155 மில்லிமீட்டர் அகலமுள்ள ரேடியல் டயரைக் கொடுத்தது. ஆகவே அகலப்படுத்துவது பாவமல்ல. எவ்வளவு, எந்த அச்சின் மேல் என்பதுதான் கேள்வி.

அகலம் கூடினால் பிடிப்பு கூடுமா?

கூடும். ஆனால் பலரும் நினைக்கிற கணக்கில் அல்ல. ஸ்பிட்ஃபயரின் எடை ஏறக்குறைய 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 190 கிலோ. டயரில் 24 பவுண்டு காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு 1.7 கிலோ அழுத்தம். வகுத்துப் பாருங்கள், தரையைத் தொடும் ரப்பர் சுமார் 110 சதுர சென்டிமீட்டர்தான். ஒரு உள்ளங்கை அளவு!

அதே காற்றோடு அகல டயரைப் போட்டாலும் இந்த உள்ளங்கை பெரிதாக வளர்ந்துவிடாது. வடிவம் மாறும், அவ்வளவே. நீளமாக இருந்தது குட்டையாகி, அகலமாகும். வளைவில் பக்கவாட்டு இழுப்பைத் தாங்க அந்த வடிவம் நல்லது. காய்ந்த சாலையில் வித்தியாசம் தெரியும். மழையில் கதை வேறு. அகலமான டயர் தன் முன்னே அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும். காரோ எடை குறைந்தது. ஒதுக்க முடியாமல் போனால் தண்ணீர் மேல் படகாக மிதக்கும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பின் அச்சின் ரகசியம்

விஷயத்தின் உயிர்நாடி பின்பக்கத்தில் இருக்கிறது. அம்பாஸடர் போன்ற கார்களில் பின் அச்சு ஒரே தண்டு. இரு கோடியிலும் சக்கரங்கள் நிமிர்ந்தே நிற்கும். ஹெரால்டிலும் தொடக்க கால ஸ்பிட்ஃபயரிலும் அப்படியில்லை. நடுவில் கியர் பெட்டி சட்டத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து இருபுறமும் இரண்டு அரைத் தண்டுகள். உள்கோடியில் மட்டும் மூட்டு, வெளிக்கோடியில் மூட்டு கிடையாது. குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங்.

கையைப் பக்கவாட்டில் நீட்டி, மணிக்கட்டை மடக்காமல் விறைப்பாக வைத்து, உள்ளங்கையைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். தோளை மட்டும் அசைத்துக் கையை ஏற்றி இறக்கினால், உள்ளங்கையும் கூடவே சாய்கிறதல்லவா? அந்தச் சக்கரத்தின் கதி அதுதான். மேலே போனால் ஒரு பக்கம் சாயும், கீழே இறங்கினால் மறு பக்கம் சாயும்.

வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் சாலையைக் கவ்விப் பிடிக்கிறது. அந்தப் பிடி சக்கரத்தின் அடியை உள்நோக்கித் தள்ளுகிறது. மூட்டு உள்கோடியில் இருப்பதால், இந்தத் தள்ளல் காரின் முதுகை மேலே தூக்குகிறது. முதுகு எழும்ப எழும்ப, சக்கரம் காருக்கு அடியில் மடங்குகிறது. பயந்துபோன டிரைவர் அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பாரம் முன்னே பாயும், முதுகு இன்னும் எழும்பும். அப்புறம் சக்கரம் தன் வெளி விளிம்பில் மட்டும் நிற்கும். பின்பக்கம் சட்டென்று வீசிப் போய்விடும். நேரம் சரியில்லையென்றால் வண்டியே உருளும்.

இப்போது யோசியுங்கள். முதுகைத் தூக்கும் சக்தி எது? டயரின் பிடிதான். பிடியைக் கூட்டினால் தூக்குதலும் கூடும். ஒல்லி டயராக இருந்தால் அது முன்கூட்டியே வழுக்கிக் கொடுத்து, "போதும், மெதுவாகப் போ" என்று டிரைவருக்குச் சொல்லிவிடும். அகல டயர் கடைசி வரை சொல்லாது. மேலும் பழைய டயரின் தோள் உருண்டை. கொஞ்சம் சாய்ந்தாலும் சமாளிக்கும். புதுக்கால அகல டயரின் முகம் தட்டை. சாய்ந்தால் ஓர் ஓரம் மட்டுமே தரையில் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய அகலம் முழுவதும் அந்தரத்தில்!

இந்தத் தொல்லை டிரையம்ஃபுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1960-களின் தொடக்கத்தில் வந்த ஷெவர்லே கார்வேர் காரின் பின் அச்சும் இதே ஜாதி. ரால்ஃப் நாடர் 1965-ல் எழுதிய புகழ்பெற்ற புத்தகம் அந்தக் காரைத்தான் முதலில் தாக்கியது. டிரையம்ஃப் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 1970-ல் வந்த நான்காம் மாடல் ஸ்பிட்ஃபயரில் பட்டை ஸ்பிரிங்கின் கீழ்ப் பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றப் பட்டைகள் நடுவில் தராசு போல் ஆடும்படி செய்தார்கள். சக்கரம் மடங்கும் சுபாவம் வெகுவாகக் குறைந்தது. நம் ஊர்க்காரர்கள் இன்னும் நேர்வழியில் போனார்கள்: ஹெரால்டுக்குப் பின் 1972-ல் வண்டலூரிலிருந்து வந்த கெஸல் காரில் பின் அச்சை ஒரே தண்டாகவே போட்டுவிட்டார்கள்! நம் சாலைக்கும், நம் மெக்கானிக்குகளுக்கும் அதுவே சௌகரியம்.

ஆகவே முதல் வேலை, காருக்கு அடியில் தலையை விட்டு எந்த ஸ்பிரிங் என்று பார்ப்பது. ஆடும் ஸ்பிரிங் என்றால் ஐந்து அல்லது ஐந்தரை அங்குல ரிம்மில் 175/70 ஆர் 13 வரை போகலாம். பழைய இறுக்கிய ஸ்பிரிங் என்றால் 145 அல்லது 155-க்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதலாளி முகம் சுளித்தாலும் சரி.

கணக்குப் போட்டு வாங்குங்கள்

டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் தவிர்க்கலாம். 175/70 ஆர் 13 என்றால் அகலம் 175 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 122.5. ரிம் 13 அங்குலம், அதாவது 330.2 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு சுவரைக் கூட்டினால் மொத்த உயரம் 575. முந்தைய 155/80 ஆர் 13 டயரின் உயரம் 578. வித்தியாசம் 3 மில்லிமீட்டர், பாதகமில்லை. ஆனால் கடைக்காரர் "ஸ்டாக் இதுதான்" என்று 185/60-ஐ நீட்டினால் உயரம் 552 ஆகிவிடும். வண்டி தாழும், எஞ்சின் வீணாக அதிகம் சுற்றும், ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 57-தான் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது ரிம்மின் துளை. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் நான்கு போல்ட். அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் மூன்றே முக்கால் அங்குலம், 95.25 மில்லிமீட்டர். இன்றைய சிறு கார்களில் பரவலாக இருப்பது 100 மில்லிமீட்டர். சோர் பஜாரிலோ குர்லாவிலோ பளபளவென்று ஒரு அலாய் ரிம் மலிவாகக் கிடைக்கும். கண்ணுக்குப் பொருந்தும். நட்டை வலுக்கட்டாயமாக முறுக்கினால் உட்காரவும் செய்யும். ஆனால் போல்ட் வளைந்தே நிற்கும், நட் சரியாகக் கவ்வாது. ஒருநாள் நெடுஞ்சாலையில் அது தன் வேலையைக் காட்டும்.

ரிம் வெளியே தள்ளி நிற்பதற்காக நடுவில் தகடு வைப்பதும் இதே ரகம். நெம்புகோல் நீளமானால் பலம் கூடும் என்பது தெரிந்ததுதான். சக்கரம் வெளியே போகப் போக பேரிங்கின் மேல் பாரம் கூடுகிறது. இந்தக் கார்களின் பின் பேரிங் ஏற்கனவே பலவீனம். பேரிங் போனால் அரைத் தண்டைத் தேய்க்கும். தண்டு முறிந்தால் சக்கரம் தனியே ஓடும்.

முன்பக்கத்தில் இன்னொரு வில்லங்கம். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் கீழ்முனை மரை போட்டு ஒரு பித்தளைக் கட்டையில் திருகி நிற்கும். அதற்கு டிரனியன் என்று பெயர். ஒவ்வொரு முறை ஸ்டீரிங்கைத் திருப்பும்போதும் அந்த மரையில்தான் சக்கரம் சுழல்கிறது. இதற்கு ஊற்ற வேண்டியது கெட்டியான கியர் ஆயில். நம் கேரேஜ்களில் வழக்கம் போல கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் உள்ளே போய்ச் சேராது, தண்ணீர் சேரும், துரு ஏறும். கடைசியில் இரும்பு முறிந்து முன்சக்கரம் மடிந்து உட்காரும். ஒல்லி டயரிலேயே இது நடக்கும். அகல டயர் போட்டுப் பாரத்தைக் கூட்டினால் சீக்கிரம் நடக்கும். ஆகவே புது டயருக்கு முன் டிரனியனைக் கழற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். டயரின் விலையோடு ஒப்பிட்டால் எண்ணெய்க்கு என்ன செலவு?

மாட்டிய பிறகு ஸ்டீரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, எங்காவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்பு இரண்டு ஆட்களை உட்காரவைத்து, பின்னால் மூட்டை ஏற்றி, மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். சந்தேகமான இடத்தில் கொஞ்சம் களிமண் ஒட்டி ஒரு சுற்று ஓட்டி வந்தால், உரசிய இடம் தானே காட்டிக்கொடுக்கும். உரசலைத் தவிர்க்கத் திருப்பத்தைக் கட்டுப்படுத்தினால், அந்த 25 அடி வட்டப் பெருமை போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கும் கம்பெனி நிர்ணயித்ததற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மட்கார்டை வெட்டி அகலப்படுத்துவது போன்ற வேலைக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுவதே பத்திரம். இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லி வைக்கலாம்.

50 வயது கடந்த கார்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி அவற்றை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் கழற்றிய பழைய மூன்றரை அங்குல ரிம்களைத் தராசுக்காரனிடம் கிலோக் கணக்கில் போட்டுவிடாமல், எண்ணெய் தடவி, சாக்கில் கட்டி, முதலாளியின் பெயர் எழுதி மேல் பரணில் வைக்கச் சொல்லுங்கள். இன்று அகலம் கேட்பவரே நாளை அசல் கேட்டு வருவார்.

கடைசியாக, டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்ணைப் பார்க்கத் தவறாதீர்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பல ஆண்டுகளாகக் கடை மூலையில் கிடந்ததைத் துடைத்து, கறுப்பு பாலிஷ் போட்டுப் புதுசு என்று கொடுப்பார்கள். பூ அச்சு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகி வெடித்திருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.